பழைய பெட்ரோல் பிக்கப் நின்றுவிட்டதா? கரண்ட் போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள்

எங்களிடம் இருப்பது அப்பா காலத்துப் பெட்ரோல் ஜீப் பிக்கப். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பகுதி). போன சித்திரையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மல்லிகை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும்போது, செக்கானூரணி தாண்டியதும் இருமி இருமி நின்றது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே கதை. மல்லிகை காத்திருக்காது. மொட்டு விரியத் தொடங்கிவிட்டால் மார்க்கெட்டில் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

ஒரு மெக்கானிக் கார்புரேட்டர் என்றார், கிட் மாற்றினோம், கூலியோடு 1,800 ரூபாய். அடுத்தவர் பெட்ரோல் பம்ப் என்றார், 1,400. மூன்றாமவர் புதுக் காயில் (பிளக்குக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தரும் சுருள்) போட்டார், 1,900. வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். “வண்டி நின்ன உடனே பிளக்குல கரண்ட் வருதானு பாத்தியா தம்பி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். யாருமே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கோளாறு இருந்தது 120 ரூபாய் கண்டன்சரில், பாயிண்டில் பொறி பறக்காமல் தாங்கும் சின்ன டப்பியில்.

அதற்குப் பிறகு அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பழைய வண்டியை முதல்முறை கையில் எடுப்பவர்கள் நான் கொடுத்த 5,100 ரூபாயைக் கொடுக்கக் கூடாது.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். இது பாயிண்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசல் பிக்கப்பில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வைத்த புது பெட்ரோல் வண்டிகளுக்கும் இந்த வழி பொருந்தாது.

1. கையில் என்ன இருக்கவேண்டும், எவ்வளவு ஆகும்

12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், சாதாரண மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்புத் தாள்கள்), பிளக் ஸ்பேனர், இரண்டு பக்கமும் கிளிப் உள்ள ஒயர் இரண்டு, நல்ல நிலையில் ஒரு பழைய பிளக். எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது. டெஸ்ட் லாம்பை வாங்கக்கூட வேண்டாம். இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்தால் போதும்.

ஸ்பேருக்கு நான் கொடுத்த விலை: பாயிண்ட் 250, கண்டன்சர் 120, கேப்பும் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி) ரோட்டாரும் (அதற்குள் சுற்றும் துண்டு) சேர்த்து 650, பிளக் ஒயர் செட் 700, நான்கு பிளக் 480. கடைக்குக் கடை மாறும். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்தமுறை நடுரோட்டில் நிற்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

நேரம்: முழுச் சோதனைக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது தொடங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் போடாதீர்கள். ஒரு பாயிண்ட் தேவைப்பட்டால் பெரும்பாலான ஸ்பேர் கடைகள் மூடியிருக்கும்.

2. தொடங்குவதற்கு முன்

கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டரைச் சுற்றிப் பெட்ரோல் ஒழுகினால் அதைச் சரிசெய்யாமல் ஸ்பார்க் சோதனைக்குப் போகவே கூடாது. பிளக் ஒயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். வெறும் கையால் பிடிக்காதீர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. சோதனை நடக்கும்போது சாவியை ஆன் நிலையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால், காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சூடாகும், பாயிண்ட் கருகும். நல்ல பொருளைச் சோதனையின்போதே கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

3. முதல் கேள்வி: ஸ்பார்க் இருக்கிறதா?

முதலாவது சிலிண்டரின் பிளக்கில் இருந்து ஒயரைக் கழற்றி, கையில் உள்ள பழைய பிளக்கில் மாட்டுங்கள். அந்தப் பிளக்கின் இரும்பு உடம்பைக் கிளிப் ஒயரால் இன்ஜினின் பெயிண்ட் இல்லாத இடத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இப்போது ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பிளக் முனையைப் பாருங்கள்.

நீலம் கலந்த வெள்ளையாக, ‘சட் சட்’ என்று சத்தத்தோடு வந்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. பிளக், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) இரண்டையும் பார்த்துவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டன்சர், பாயிண்ட், காயில், பேட்டரி ஆகியவற்றில் ஒன்றில் பலவீனம்.

ஒன்றுமே வரவில்லையா? காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்கு வரும் ஒயரைக் கேப் பக்கம் கழற்றி, காய்ந்த மரக் கிளிப்பால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்புக்கு 6 மி.மீ. தள்ளி வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இங்கே ஸ்பார்க் பாய்ந்தால் காயில் வரை எல்லாம் சரி, கோளாறு கேப், ரோட்டார், பிளக் ஒயரில். இங்கேயும் இல்லை என்றால் கோளாறு காயிலிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. தேடவேண்டிய இடம் இந்த ஐந்து நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

4. பேட்டரியும் எர்த்தும்

பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டவேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் செல்ஃப் சுற்றினாலும் காயிலுக்குப் போதுமான கரண்ட் மிஞ்சாது. “செல்ஃப் நல்லா சுத்துதே, பேட்டரி எப்படிக் கெட்டுப்போகும்” என்று நானும் நினைத்திருந்தேன். மீட்டரில் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

டெர்மினலில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷால் தேயுங்கள். கழற்றும்போது எர்த் ஒயரை முதலில், மாட்டும்போது கடைசியில். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையையும் பாருங்கள். பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

5. காயிலுக்குக் கரண்ட் வருகிறதா

சாவியை ஆன் செய்து, காயிலின் பிளஸ் முனையில் டெஸ்ட் லாம்பை வைத்து, லாம்பின் மறுமுனையை எர்த்தில் தொடுங்கள். எரியவில்லை என்றால் இக்னீஷன் சுவிட்ச், ஃபியூஸ் அல்லது இடையில் உள்ள ஒயரில் கோளாறு. உறுதிசெய்ய எளிய வழி உண்டு. நடுவில் ஃபியூஸ் வைத்த ஒயர் ஒன்றைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு நேராகக் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி எடுத்துக்கொண்டால் காயில் பக்கம் கையே வைக்கவேண்டாம், சுவிட்சைப் பாருங்கள். இப்படி ஓடும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, ஒயரைக் கழற்றினால்தான் நிற்கும். வீடுவரை வந்துசேர மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

கரண்ட் வருகிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை என்றால் காயிலின் ஒயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம் அளவில் வைத்து பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே பாருங்கள். தனி ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் துண்டு) இல்லாமல் வேலைசெய்யும் 12 வோல்ட் காயிலில் சுமார் 3 ஓம் காட்டும். ரெசிஸ்டரோடு சேர்த்துப் போடவேண்டிய காயிலில் சுமார் 1.5 ஓம்தான் காட்டும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். கடையில் “12 வோல்ட் காயில்” என்று மட்டும் கேட்டால் இரண்டில் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ஓடும், கூடவே காயில் கொதிக்கும், பாயிண்ட் சீக்கிரமே கருகும். எனக்குப் போட்ட புதுக் காயில் அந்த வகைதான். பிறகு அதையும் மாற்றவேண்டி வந்தது.

மைனஸ் எர்த் வண்டியில் (பேட்டரியின் மைனஸ் சேஸிஸோடு சேர்ந்தது) காயிலின் மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகவேண்டும். மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாக இருக்கும்.

6. பாயிண்டும் கண்டன்சரும்

பாயிண்ட் வைத்த வண்டியில் கோளாறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

டெஸ்ட் லாம்பைக் காயில் மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். லாம்ப் விட்டுவிட்டு மின்னவேண்டும். பாயிண்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முகத்தில் அழுக்கும் எண்ணெயும் படிந்து தொடாமல் இருக்கிறது. காயில் பிளஸ்ஸில் கரண்ட் இருந்தும் இங்கே எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் ஒயரோ எர்த்தில் தட்டுகிறது, அல்லது காயிலுக்குள்ளேயே அறுந்திருக்கிறது.

இடைவெளியைச் சரிசெய்ய, கேப்பையும் ரோட்டாரையும் எடுத்துவிட்டு, பாயிண்டின் ஃபைபர் கட்டை கேமின் (டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள மேடு) உச்சியில் நிற்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். எங்கள் வண்டியில் இருக்கும் ஹரிகேன் இன்ஜினுக்கு 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. ஃபீலர் கேஜ் தாள் லேசாகப் பிடித்து நழுவவேண்டும். ஸ்க்ரூவை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும். உங்கள் வண்டி வேறு என்றால் அதன் கையேட்டில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் பின்தங்கும். “வண்டி முன்ன மாதிரி இழுக்கல” என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கேமில் கடுகளவு கிரீஸ் வைத்தால் கட்டை நீண்ட நாள் வரும். கடுகளவுக்கு மேல் வைத்தால் பாயிண்ட் முகத்தில் தெறிக்கும்.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதன் துகள் முகத்தில் பதிந்துகொண்டு மறுபடி கருகவைக்கும். மெல்லிய அரத்தால் லேசாக ராவிவிட்டு, சுத்தமான கெட்டி அட்டையை இடையில் விட்டு இழுங்கள். புதுப் பாயிண்டாக இருந்தாலும் இப்படித் துடைத்துவிட்டுத்தான் போடவேண்டும், துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள்.

அப்புறம் கண்டன்சர். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே பொறி பறக்காமல் தாங்குவது இதுதான். அது பலவீனமானால் பாயிண்டில் நீலப் பொறி பெரிதாகப் பறக்கும், பிளக்கில் வரும் ஸ்பார்க் மஞ்சளாகும், பாயிண்டின் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். புதுப் பாயிண்ட் சில நூறு கிலோமீட்டரிலேயே கருகினால் பாயிண்டைக் குறை சொல்லாதீர்கள், கண்டன்சரைப் பாருங்கள்.

7. சூடானால் மட்டும் நிற்கும் வண்டி

எங்கள் வண்டிக்கு வந்தது இந்த நோய்தான். குளிர்ந்திருக்கும்போது எந்தச் சோதனை செய்தாலும் எல்லாம் சரியாகக் காட்டும். பட்டறையில் வைத்தால் நாள் முழுக்க ஓடும். இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் கண்டன்சருக்குள்ளோ காயிலுக்குள்ளோ தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். மதுரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வதும் இதே அடையாளத்தைத்தான் காட்டும். அதனால்தான் எல்லோரும் கார்புரேட்டர், பம்ப் என்று போனார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரே நேரம்தான் உண்டு: வண்டி நின்ற அடுத்த இரண்டு நிமிடம். ஓரம் கட்டியதும் 3-வது படியில் சொன்ன ஸ்பார்க் சோதனையைச் செய்துவிடுங்கள். ஸ்பார்க் நீலமாக, பலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம். பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். ஸ்பார்க் இல்லை அல்லது மஞ்சள் என்றால் கரண்ட் பக்கம். ஆறும்வரை காத்திருந்தால் தடயம் போய்விடும்.

கண்டன்சரா காயிலா என்று ரோட்டோரத்திலேயே பார்க்கலாம். பழைய கண்டன்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, கையில் உள்ள நல்ல கண்டன்சரின் ஒயரைக் காயில் மைனஸ்ஸிலும் அதன் உடம்பை எர்த்திலும் கிளிப்பால் மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனால் முடிந்தது. பழையதைக் கழற்றாமல் புதியதை மேலே மாட்டினால் போதாது. பழையது எர்த்தில் தட்டிக்கொண்டிருந்தால் புதியது இருந்தும் பயனில்லை. மாற்றியும் வரவில்லை, காயில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் காயிலைச் சந்தேகியுங்கள்.

நாகமலை புதுக்கோட்டை பக்கம் ஒரு புளிய மரத்தடியில் இதைச் செய்து, வண்டி உடனே எடுத்துக்கொண்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லிமுடியாது. அன்றைக்குப் பூ நேரத்தில் மார்க்கெட் போய்ச் சேர்ந்தது.

8. கேப், ரோட்டார், பிளக் ஒயர்

ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் காலையில் எடுக்காமல் அடம்பிடித்து, வெயில் ஏறியதும் சரியாகிற வண்டிக்கு இங்கேதான் கோளாறு. கேப்பைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் கோடு போட்டதுபோல மெல்லிய கருப்பு வரி இருந்தால் கரண்ட் அதன் வழியே ஓடித் தப்பிக்கிறது. துடைத்தால் போகாது, மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் ஸ்பிரிங்கோடு அசைகிறதா என்றும் பாருங்கள்.

இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், வெடித்த பிளக் ஒயரிலிருந்து நீலப் பொறி இன்ஜினுக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியும். இதைவிட எளிய சோதனை எதுவும் இல்லை.

ஒயர்களைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிகேன் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை) 1-3-4-2, ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு, அந்தத் திசையிலேயே ஒயரை வரிசையாக மாட்டுங்கள். இரண்டு ஒயர் மாறினாலே கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கும்.

9. பிளக்

சூடான இன்ஜினில் கழற்றாதீர்கள், மரை போய்விடும். முனை வெளிர் காவி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய் நனைந்திருந்தால் அது இக்னீஷன் கோளாறு அல்ல, ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. இடைவெளி 0.030 அங்குலம், சுமார் 0.75 மி.மீ. மாட்டும்போது முதலில் கையால் மட்டும் திருகுங்கள்.

10. டைமிங்

பாயிண்ட் இடைவெளியைத் தொட்டாலே டைமிங் மாறும். அதனால் பாயிண்ட் முதலில், டைமிங் கடைசியில். முதல் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கும்போது ஃப்ளைவீல் அல்லது புல்லியில் உள்ள குறியை டாப்புக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) 5 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். டெஸ்ட் லாம்ப் காயில் மைனஸ்ஸில், சாவி ஆன். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசையில் லாம்ப் அணையும்வரை திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். லாம்ப் எரியத் தொடங்கும் அந்தப் புள்ளியில் இறுக்குங்கள். ஏற்றத்தில் லோடோடு போகும்போது இன்ஜின் ‘டக டக’ என்று தட்டினால் டைமிங் முந்தியிருக்கிறது, துளி பின்னால் தள்ளுங்கள்.

11. ஸ்பேர் கடையில்

பழைய பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் அடித்திருக்கும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இன்ஜினில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வந்திருக்கலாம், முந்தைய சொந்தக்காரர் மாற்றியும் இருக்கலாம். காயிலைக் கடையிலேயே மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அதன் பின்னாலேயே எழுதிவையுங்கள்.

12. எஃப்.சி., புகைச் சான்று, ஆர்.சி.

மிஸ்ஸிங் அடிக்கிற வண்டியை நேராகப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வரும், ஹைட்ரோகார்பன் அளவு எகிறும். இக்னீஷனைச் சரிசெய்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு போங்கள். பி.எஸ்.-4 புகை விதிக்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

மஞ்சள் போர்டு என்றால் எட்டு வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டவேண்டும். தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். நான் இப்போது எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே பாயிண்ட், பிளக் வேலையை முடித்துவிடுகிறேன். வெள்ளை போர்டு என்றால் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25-ல் ஆர்.சி. புதுப்பிக்கவேண்டும், முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய இலகு ரக வண்டிக்குக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய்.

“இந்தத் தொல்லை எதுக்கு, டீசல் இன்ஜினை மாத்திப் போட்டுருங்க” என்று சொல்லாத ஆள் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதியாமல் இன்ஜினையோ எரிபொருளையோ மாற்றக் கூடாது. பதியாமல் மாற்றிய வண்டிக்கு எஃப்.சி. கிடைக்காது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். பழைய வண்டி வாங்கப்போகிறவர்கள் இன்ஜின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

13. வண்டியில் எப்போதும் இருக்கவேண்டிய டப்பா

எங்கள் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் நன்றாக ஓடியபோதே கழற்றிவைத்த ஒரு பாயிண்ட் செட், ஓட்டிச் சோதித்த இரண்டு கண்டன்சர், ஒரு ரோட்டார், ஒரு பிளக், ஃபீலர் கேஜ், டெஸ்ட் லாம்ப், ஃபியூஸ் வைத்த ஒயர், காய்ந்த துணி. கண்டன்சரை மட்டும் கவரோடு புதிதாக வைக்காதீர்கள், ஒரு வாரம் வண்டியில் போட்டு ஓட்டிவிட்டுக் கழற்றி வையுங்கள். புதிதிலேயே கெட்டதாக வருவது அதிகம் இந்தப் பொருள்தான்.